ஷொக் வாங்கினீர்கள், வாசர் எங்கே?

கேள்வி: லொறியின் பின்பக்கத்துக்குக் கழற்றிய ஷொக் அப்சோபர் இரண்டு 18,000 ரூபாவுக்கு வாங்கினேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் ஒன்றில் றப்பர் புஷ், வாசர், நட்டு ஒன்றும் இல்லை. மற்றதில் கண்ணுக்குள், அதாவது முனையிலுள்ள வளையத்துக்குள், இருக்கும் இரும்புக் குழாய் இல்லை. ரயர் வெட்டிப் புஷ் போடலாம் என்கிறார் கராச் பாஸ். – புதுக்குடியிருப்பு

பதில்: போடவேண்டாம். ரயருக்குள் நூலும் கம்பியும் ஓடுகின்றன, அது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அமுங்காது. கத்தியால் வெட்டிய துளை வட்டமாகவும் வராது. நாலு நாள் கிரவல் ரோட்டில் ஓடினால் தட்டத் தொடங்கும். பிறகு வண்டியில் ஷொக்கைப் பூட்டும் தாங்கியின் துளை நீளும், வெல்டிங்குக்குப் போவீர்கள்.

குழாய் விஷயம் இன்னும் பெரிது. போல்ட்டை இறுக்கும்போது தாங்கியின் இரண்டு காதுகளும் நெரிக்கவேண்டியது அந்தக் குழாயைத்தான். குழாய் அசையாமல் நிற்கும், சுற்றியுள்ள றப்பர் முறுக்குண்டு ஆட்டத்தை வாங்கும். குழாய் இல்லாவிட்டால் காது வளையும், றப்பர் போல்ட்டில் உரசித் தூளாகும். குழாய் உள்ள ஷொக்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். குழாயின் நீளம், உள்விட்டம், வெளிவிட்டம் மூன்றையும் வேர்னியர் அளவுகோலால் அளந்து அதேபோல் கடைந்து தரச் சொல்லுங்கள். நீளத்தில் குறையவே கூடாது.

வாசர் குழிந்ததாக இருக்கவேண்டும், குழிந்த பக்கம் றப்பரைப் பார்க்கவேண்டும். தட்டையான சின்ன வாசரைப் போட்டால் அது றப்பரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். புஷ்ஷை நாலாக, புதிதாக வாங்குங்கள். ஒரு பக்கம் பழசும் ஒரு பக்கம் புதிதும் வேண்டாம்.

நட்டைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன், அதில் பட்டவன் நான். என்னுடைய பழைய லொறிக்கும் இப்படித்தான் நட்டு இல்லாத ஷொக் ஒன்று வாங்கினேன். ஷொக் முனையின் மரை 12 மில்லிமீற்றர், புரியிடை, அதாவது ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள தூரம், 1.25. கடைக்காரர் டப்பாவைக் கிண்டி ஒரு நட்டு எடுத்துத் தந்தார், கையாலேயே சுகமாக ஏறியது. அது பழைய பெட்போர்ட் காலத்து அரை அங்குல நட்டு. அதன் விட்டம் 12.7, அங்குலத்துக்கு 20 புரி, அதாவது புரியிடை 1.27. புரி கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் ஏறிவிடும், ஆனால் பல்லின் நுனியை மட்டும்தான் பிடிக்கும். முறிகண்டியில் கற்பூரம் கொளுத்த இறங்கிக் குனிந்து பார்த்தேன். ஷொக்கின் மேல்முனை கழன்று அச்சில் சாய்ந்து கிடந்தது. மரையின் பல் முழுக்க மழுங்கிப்போயிற்று, அந்த ஷொக்கையே எறிந்தேன். கையால் ஏற்றும்போது நட்டு பக்கவாட்டில் கடகடவென்று ஆடினால் அது உங்கள் நட்டு இல்லை. கழற்றிய பூட்டு நட்டையும் திரும்பப் போடாதீர்கள்.

கண் உள்ள பக்கத்தின் போல்ட்டை வண்டி சில்லில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்கவேண்டும். ஜக்கில் தூக்கி இறுக்கினால், இறக்கியதும் றப்பர் முறுக்கிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும்.

இனி விற்றவரிடம் வருகிறேன். புஷ், வாசர், நட்டு இல்லாத ஷொக் பாதிச் சாமான். கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் கழற்றும்போது அவையும் சேர்ந்துதானே வந்திருக்கும்? அவற்றை வேறு டப்பாவில் போட்டுத் தனியாக விற்கிறார்கள். பாதிச் சாமானுக்கு முழுக்காசு வாங்குவதை நான் வியாபாரம் என்று சொல்லமாட்டேன். காசை எண்ணிக் கொடுக்கும் முன் இரண்டு ஷொக்கையும் மேசையில் வைத்து ஒவ்வொரு சின்னச் சாமானையும் எண்ணுங்கள். என்ன இல்லையோ அதைப் பில்லில் எழுதுவித்து விலையைக் குறையுங்கள்.

கேள்வி: “லீக் இல்லை, பொறுப்பு” என்று சொல்லித் தந்த ஷொக், இரண்டு கிழமையில் எண்ணெய் வழிகிறது. வாங்கும்போது கறுப்புப் பெயின்ற் பளபளவென்று இருந்தது. பழைய சாமானுக்குப் பில் இல்லை என்கிறார்கள். – விசுவமடு

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் தம்பி, பிழை உங்களுடையது இல்லை. வழியும் எண்ணெயை டீசலால் கழுவிப் பெயின்ற் அடிப்பது பழைய வேலை. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். பழைய சாமான் என்று அதில் விலக்கு இல்லை. கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராவிட்டால் அந்த அதிகாரசபையிடம் முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். அவர்களுடைய 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து வழி கேளுங்கள். காசு கொடுத்ததற்கு என்ன சாட்சி இருந்தாலும், ஒரு குறுஞ்செய்தியாக இருந்தாலும், அழிக்காதீர்கள்.

அடுத்த தடவை ஷொக்கை நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு தரம் முழுக்க இழுத்து அமுக்குங்கள். படுத்துக் கிடந்ததற்குள் காற்று நின்றிருக்கும், அது முதலில் விலகட்டும். பிறகும் நடுவில் ஓரிடத்தில் கை வெறுமனே ஓடினால் திருப்பிக் கொடுங்கள். உள்ளே போய்வரும் கம்பியில் நகத்தை ஓட்டுங்கள். துருக்குழி நகத்தில் தட்டினால் அது எண்ணெயை அடைத்து நிற்கும் சீல் றப்பரை அறுக்கும்.

கேள்வி: ஒரு பக்கம்தான் பழுது. ஒன்று மட்டும் மாற்றலாமா? – மாங்குளம்

பதில்: கூடாது, ஒரே அச்சில் சோடியாக மாற்றுங்கள்.

கேள்வி: முகநூலில் படம் பார்த்து வாங்கிய ஷொக் இரண்டு அங்குலம் நீளமாக இருக்கிறது. தாங்கியை வெட்டி இறக்கி ஒட்டலாமா? – பரந்தன்

பதில்: ஒரு அளவுநாடா எடுத்து, பழையதை முழுக்க நீட்டி ஒருக்கால், முழுக்க அமுக்கி ஒருக்கால் அளந்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. அளவு எழுதிய செய்தி ஏதும் விற்றவருக்கு அனுப்பினீர்களா என்று தேடினேன், கடிதத்தில் இல்லை. தாங்கியில் கைவைக்காதீர்கள். பாரம் ஏற்றி வில்லு அமுங்கும்போது நீளமான ஷொக் அடித்தட்டி உடையும். நட்டத்துக்கு விற்று, சரியான அளவில் வாங்குங்கள்.

கேள்வி: என் மகன் ஓடும் பட்டா என்ற சின்ன லொறிக்கு நாலு புதுப் புஷ் போட்டதாகக் கராச்சில் காசு எடுத்தார்கள். பார்த்தால் பழைய புஷ்ஷைக் கழுவிப் போட்டிருக்கிறார்கள். நான் பெண் என்பதால் பேச்சுக்கே மதிப்பில்லை. – ஒட்டுசுட்டான்

பதில்: அக்கா, புதுப் புஷ்ஷில் வார்ப்பின் விளிம்புக் கோடு தெரியும், தொட்டால் சொரசொரக்கும். பழசு வழுவழுப்பாக, ஒரு பக்கம் தேய்ந்து நீள்வட்டமாக இருக்கும். இதை மகன் போனில் படம் எடுக்கட்டும், கழற்றமுன் ஒன்று, கழற்றியபின் ஒன்று. படத்தோடு போய்க் காசைத் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் மேலே சொன்ன இலக்கத்துக்கு அழையுங்கள். இனிமேல் வண்டியை விடும்போதே “கழற்றிய சாமானை என் பையில் போடுங்கோ” என்று சொல்லி ஒரு வெறும் பையையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.