பழைய டிவி கேமின் பாதி உயிர் டப்பா டிவியில் இருக்கிறது

கேள்வி: பரணைச் சுத்தம் செய்தபோது 1990-களில் விளையாடிய டிவி கேம், இரண்டு கேசட், வாத்து சுடும் துப்பாக்கி எல்லாம் கிடைத்தன. எல்இடி டிவியில் மாட்டினால் மரியோ ஓடுகிறது; ஆனால் பட்டனை அழுத்திச் சற்றுக் கழித்துத்தான் குதிக்கிறான். துப்பாக்கி சுத்தமாக வேலை செய்யவில்லை. ரிப்பேருக்குக் கொடுக்கலாமா, இல்லை கம்ப்யூட்டரில் எமுலேட்டர் (பழைய கேம் பெட்டியைப் போல நடிக்கும் மென்பொருள்) போட்டுக்கொள்வதே நல்லதா?

பதில்: துப்பாக்கியை ரிப்பேருக்குக் கொடுத்துப் பணத்தை வீணாக்காதீர்கள். அநேகமாக அது நன்றாகத்தான் இருக்கும். மாறிப்போனது உங்கள் டிவி.

அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அதன் குழலுக்குள் இருப்பது வெளிச்சத்தைப் பார்க்கும் ஒரு கண். நீங்கள் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். கறுப்புக்குப் பிறகு வெள்ளையைக் கண் பார்த்துவிட்டால் வாத்து விழும். முதலில் ஏன் கறுப்பு என்றால், டியூப்லைட்டைக் குறிபார்த்துச் சுடும் கில்லாடிகளைப் பிடிக்கத்தான். படக்குழாய் வைத்த பழைய டப்பா டிவியில் சிக்னல் வந்த நொடியே படம் கோடு கோடாக வரையப்படும். எல்இடி டிவி படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றிக் காட்டுவதற்குள் கேம் பார்த்து முடித்து, ‘தவறவிட்டாய்’ என்று தீர்ப்பும் எழுதிவிடும்.

மரியோ தாமதமாகக் குதிப்பதும் அதே கதைதான். நிண்டெண்டோ 1983-ல் ஜப்பானில் விற்க ஆரம்பித்த ஃபேமிகாமின் நகல்தான் நம் ஊர் டிவி கேம். அது அனுப்புவது 240 கோடு கொண்ட முழுப் படம். புதிய டிவிகள் பலவும் அதைப் பாதிப் படம் என்று நினைத்து, அடுத்ததோடு சேர்த்துத் தைக்கப் பார்க்கின்றன. டிவி செட்டிங்கில் ‘கேம் மோட்’ இருந்தால் போடுங்கள், ஓரளவு குறையும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஏவி–எச்டிஎம்ஐ மாற்றி டப்பிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலும் அவையும் இதே தவறைச் செய்கின்றன. ரெட்ரோடிங்க் போன்ற, பழைய கேம்களுக்கென்றே வந்த மாற்றிகள் சரியாகச் செய்யும், ஆனால் விலை அதிகம்.

ஆகவே டப்பா டிவி கிடைக்காவிட்டால், எமுலேட்டர்தான் என் தேர்வு. மெசன் என்ற எமுலேட்டர் நல்லது. ரெட்ரோஆர்ச் என்ற இன்னொரு மென்பொருளில் ‘ரன் அஹெட்’ என்ற வசதி தாமதத்தை வெகுவாகக் குறைக்கும். வாத்தை மவுஸால் சுடலாம், அந்த சுகம் வராது என்பது வேறு விஷயம்.

ஒரு செட்டிங்கை மட்டும் மறக்காதீர்கள். ஜப்பான், அமெரிக்கப் பெட்டிகள் நொடிக்கு 60 படம் காட்டின. நம் ஊர் ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறை டிவிக்காக வந்த நகல்கள் பலவும் 50 மட்டுமே காட்டின. அதாவது நாம் சின்ன வயதில் விளையாடிய மரியோ கொஞ்சம் நிதானமானவன். பாட்டின் சுருதி ஏறக்குறைய அதேதான், தாளம் மட்டும் மெதுவாக வரும். எமுலேட்டரில் அப்படியே விட்டால் ‘என்ன இது, இவ்வளவு வேகமாக ஓடுகிறான்’ என்று தோன்றும். ரீஜன் என்ற இடத்தில் ‘டெண்டி’ (ரஷ்யாவில் விற்ற ஃபேமிகாம் நகலின் பெயர்) என்று மாற்றினால் பழைய வேகம் வந்துவிடும். கேம் ஃபைல்களுக்குக் காப்புரிமை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் ‘9999999 இன் 1’ கேசட்டுகள் எந்த உரிமையில் வந்தன என்று மட்டும் கேட்காதீர்கள்.

பெட்டியைத் தூக்கிப் போடவும் வேண்டாம். கேசட்டை ஊதாதீர்கள், எச்சில் ஈரம் அதன் செம்பு முனைகளை அரிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போதும். அடாப்டர் போய்விட்டால் வோல்ட்டை மட்டும் பார்த்து வேறு வாங்காதீர்கள். ஃபேமிகாமில் பின்னின் நடுவில் நெகட்டிவ், இன்றைய அடாப்டர்கள் பெரும்பாலும் நேர்மாறு. உங்கள் நகல் எந்த வகை என்று பெட்டியின் அடியில் பாருங்கள். உள்ளே சிப்புக்குப் பதில் கறுப்புப் பிசின் பொட்டு ஒன்று இருந்து, அது செத்துவிட்டால் ரிப்பேர் கிடையாது.

அப்புறம், உறவினர் வீட்டு மூலையில் டப்பா டிவி ஏதாவது தூங்கினால் கேட்டு வாங்கிவிடுங்கள். 14 அங்குலம் போதும். மங்கலாக இருக்கிறதே என்று நீங்களே பின்மூடியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம்.