மச்சான் வாங்கிய விலைக்கு நமக்கும் கிடைக்குமா?

கேள்வி: பாரிஸ் புறநகரில் வாடகை வீட்டில் இருக்கிறோம், தெற்குப் பார்த்த பால்கனி. டோர்ட்முண்டில் இருக்கும் என் மச்சான் 800 வாட் பால்கனி சோலார் செட்டை (பால்கனியில் மாட்டி, வீட்டு பிளக்கில் செருகும் பேனல்கள்) 400 யூரோவுக்கு வாங்கிவிட்டார். இங்கே அதே மாதிரி செட்டுக்கு 550 கேட்கிறார்கள். காரில் போய் அங்கேயே வாங்கி வந்துவிடலாமா?

பதில்: முதலில் காரை அளந்து பாருங்கள். ஒரு பேனல் கிட்டத்தட்ட 1.7 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம், 20 கிலோவுக்கு மேல் எடை. இரண்டு பேனலை ஏற்றிக்கொண்டு 500 கிலோமீட்டர் வர வேண்டும். மிச்சம் பிடிக்கும் 150 யூரோவில் பெரும்பகுதி பெட்ரோலுக்கும் சாலைச் சுங்கச்சாவடிக்குமே போய்விடும்.

விலை வித்தியாசத்துக்குப் பாதிக் காரணம் வரி. ஜெர்மனியில் 2023 ஜனவரியிலிருந்து வீட்டு சோலாருக்கு மதிப்புக் கூட்டு வரி பூஜ்ஜியம். பிரான்ஸில் இப்படிக் கடையில் வாங்கி நாமே மாட்டும் செட்டுக்கு 20 சதவீதம். ஆன்லைனில் ஜெர்மன் கடையில் ஆர்டர் போட்டாலும், பொருள் வந்து சேரும் நாட்டின் வரியைத்தான் பெரிய கடைகள் போடும். 2021 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் அதுதான் விதி.

ஆனால் நான் வாங்கும் விலையைவிட மீட்டரைத்தான் பார்ப்பேன். நல்ல வெயில் படும் பால்கனியில் 800 வாட் செட் வருடத்துக்கு 600 யூனிட் தருகிறது என்று வையுங்கள். பேட்டரி இல்லாவிட்டால் அதில் 400 யூனிட்தான் வீட்டில் செலவாகும். மீதி கிரிட்டுக்கு, அதாவது பொது மின்கட்டமைப்புக்குப் போய்விடும், காசு வராது. மச்சானுக்கு யூனிட் 35 சென்ட் என்றால் வருடம் 140 யூரோ மிச்சம், மூன்று வருடத்தில் போட்ட காசு வந்துவிடும். உங்களுக்கு யூனிட் 20 சென்ட் என்றால் 80 யூரோதான். 550 யூரோவை எடுக்க ஏழு வருடம் ஆகும். 400-க்கே வாங்கி வந்தாலும் ஐந்து வருடம். ஜெர்மனியில் இது ஓடோ ஓடென்று விற்பதற்கு மின்சார விலையும் ஒரு காரணம்.

அப்புறம் இன்வெர்ட்டர், அதாவது பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி. ஜெர்மன் சான்றிதழ் மட்டும் இருந்தால் போதாது. பிரெஞ்சு கிரிட்டுக்கு உரிய சான்றிதழும் வேண்டும். மாட்டுவதற்கு முன், மின் விநியோகம் செய்யும் எனெடிஸ் நிறுவனத்தின் தளத்தில் சுயநுகர்வு ஒப்பந்தம் (நாமே உற்பத்தி செய்து நாமே பயன்படுத்துவதற்கானது) பதிய வேண்டும், அது இலவசம். பெல்ஜியத்திலும் இதே கதைதான்: 2025 ஏப்ரலில்தான் அனுமதித்தார்கள், அதுவும் பட்டியலில் உள்ள கருவிகளை மட்டும். சுவிஸில் 600 வாட்டுக்கு மேல் கூடாது, பிளக்கும் வேறு.

வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கம்பிக்கு வெளியே தொங்கவிடுவதானால் கட்டட உரிமையாளர் சங்கமும் சம்மதிக்க வேண்டும். 2024 அக்டோபரில் ஜெர்மனியில் வந்த சட்டப்படி அங்கே தக்க காரணமில்லாமல் வீட்டுக்காரர் மறுக்க முடியாது. மச்சான் அதை வைத்து உங்களிடம் பேசினால் நம்பிவிடாதீர்கள்.

காசு கொடுக்கும் முன் லிங்கி என்ற உங்கள் வீட்டு ஸ்மார்ட் மீட்டரின் அரைமணிக் கணக்கைத் திறந்து, நீங்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்கு வீடு எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். ஃபிரிட்ஜும் இன்டர்நெட் பெட்டியும் சேர்ந்து 150 வாட்தான் என்றால், உங்களுக்கு ஒரே ஒரு பேனல் தாராளம்.