மறு: கிளிக் பதிவாகிறது, விற்பனை பதிவாகவில்லை (புதுச்சேரி ஊதுபத்திக் கடை)

கடலூர் நண்பர் பகிரும் இணைப்பு வழியாக வரும் கிளிக்குகள் பதிவாகின்றன, ஆனால் விற்பனையும் அவருக்கான கமிஷனும் பதிவாகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அதற்காக, அவற்றைக் கணக்கிடும் மென்பொருள் ஏமாற்றுகிறது என்று முடிவு கட்டாதீர்கள். விற்பனையைப் பதியும் பிக்சல் (பக்கம் திறந்ததும் மென்பொருளுக்குத் தகவல் அனுப்பும் சிறு நிரல்) ஓடவே இல்லை என்றுதான் படுகிறது. யுபிஐயில் பணம் கட்டும் பலர் உங்கள் ‘நன்றி’ பக்கத்துக்குத் திரும்புவதில்லை; பிக்சல் அங்கேதானே இருக்கிறது?

கடலூர் நண்பரின் இணைப்பை மறைநிலைச் சாளரத்தில் திறந்து ஒரு சின்ன பாக்கெட் வாங்குங்கள். பணம் போனதும் திரும்பாமல் மூடிவிடுங்கள். ஆர்டர் வந்து கமிஷன் வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

அப்புறம், போஸ்ட்பேக்கை இயக்குங்கள்; அதில் விற்பனைத் தகவல் வாங்குபவரின் உலாவி வழியாக இல்லாமல், சர்வரிலிருந்து மென்பொருளுக்கு நேராகச் செல்லும். அந்த வசதி இல்லாத மென்பொருளை நான் வாங்க மாட்டேன்.

பிக்சலும் கூடவே ஓடினால் ஒரே விற்பனை இரண்டாகப் பதியலாம். இரண்டும் ஒரே ஆர்டர் என்று மென்பொருளுக்குத் தெரிய, இரண்டிலும் ஆர்டர் எண்ணை அனுப்புங்கள். இன்னொன்று: யார் இணைப்பில் வந்தார் என்பதை உலாவியில் குறித்து வைப்பது குக்கி. சஃபாரி உலாவியில், பக்கத்தின் ஸ்கிரிப்ட் வைக்கும் குக்கி அதிகபட்சம் 7 நாள்தான் நிற்கும். கிளிக் செய்து 30 நாளுக்குள் வாங்கினாலும் கமிஷன் உண்டு என்று நண்பரிடம் சொல்லியிருந்தால் அதையும் பேசிவிடுங்கள்.