வாசகர் கேள்வி பதில்: வடதுருவ ஊர்களுக்குப் போகும் பணம்

கேள்வி: வடதுருவப் பகுதியின் பழங்குடியினரான இனுயிட் மக்களின் வீடுகளுக்காகக் கனடா அரசு 2022 வரவு செலவுத் திட்டத்தில் ஏழு ஆண்டுகளுக்கு 845 மில்லியன் டொலர் ஒதுக்கியது என்று வாசித்தேன். கனடாவில் அவர்கள் ஏறத்தாழ 70,000 பேர்தான். பிறகும் வீட்டு நெருக்கடி ஏன் தீரவில்லை?
(வாசகர், வெள்ளவத்தை)

பதில்: தொகையை மட்டும் பார்த்தால் விளங்காது. அது எந்த மாதத்தில் கைக்கு வருகிறது என்று பாருங்கள். இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் கனடாவின் வடபகுதிப் பிரதேசமான நுனாவுட்டின் 25 ஊர்களில் ஒன்றுக்கும் தெற்கிலிருந்து வீதி கிடையாது. பலகை, ஜன்னல், கொதிகலன் எல்லாம் கடல்பனி விலகும் ஜூலை முதல் ஒக்டோபர் வரையான மாதங்களில் கப்பலில்தான் போகவேண்டும். பெரும்பாலான ஊர்களில் இறங்குதுறையும் இல்லை. கொழும்புத் துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்தே பழகியவர்களுக்கு இது புதிது: கப்பல் தள்ளி நங்கூரமிடும், சாமான்களைத் தட்டைப்படகில் ஏற்றி, கடல் பெருகும் நேரம் பார்த்துக் கரையில் இறக்குவார்கள்.

கனடாவின் நிதியாண்டு ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31 முடிகிறது. ஒப்புதல் ஜூனில் வந்தால், கேள்விப்பத்திரம் கோரி, சாமான் வாங்கி, பெட்டி கட்டுவதற்குள் கடைசிக் கப்பல் போய்விடும். ஒரு பெட்டி ஆணி தவறினாலும் விமானத்தில் எடுப்பிக்க வேண்டும், அல்லது அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும். ஒரே ஆண்டுக்கான பணம் அங்கே உதவாதது இதனால்தான். பல ஆண்டுகளுக்கு உறுதியான பணம் வேண்டும், அது தங்கள் நில உடன்பாட்டு அமைப்புகளிடம் (நில உரிமைக்காக அரசுடன் செய்த உடன்பாடுகளின் கீழ் இயங்கும் இனுயிட் அமைப்புகள்) நேரே வரவேண்டும் என்பது கனடா இனுயிட் மக்களின் தேசிய அமைப்பான இனுயிட் தபிரீட் கனடமியின் நீண்டகாலக் கோரிக்கை. 2022 ஒதுக்கீடு அந்த வழியிலேயே கொடுக்கப்பட்டது. நியாயமான கோரிக்கை அது; காலநிலையும் கப்பலும் தெரிந்தவர்களே கணக்குப் பார்க்கட்டும்.

நிலமும் சுலபமல்ல. அடியில் நிரந்தரமாக உறைந்த மண். வீட்டுச் சூடு அதில் இறங்கினால் மண் இளகி வீடு சரியும். முதலில் கதவு இறுகும், பிறகு சுவரில் வெடிப்பு. அதனால் இரும்புத் தூண்களிலோ உயரம் மாற்றக்கூடிய ஜாக்குகளிலோ வீட்டை உயர்த்தி, கீழே குளிர்காற்று ஓட விடுகிறார்கள். பல ஊர்களில் தண்ணீரும் பவுசரில்தான் வரும். கழிவைத் தாங்கியிலிருந்து வேறொரு பவுசர் உறிஞ்சிச் செல்லும். பனிப்புயலில் பவுசர் ஓடாவிட்டால் தாங்கி வற்றும்.

2021 கணக்கெடுப்பின்படி இனுயிட் தாயகத்தில் வாழும் இனுயிட்களில் பாதிக்கு மேற்பட்டோர் நெரிசலான வீடுகளில் இருந்தார்கள். அங்கே காசநோயை 2030க்குள் ஒழிப்பதாக 2018இல் அரசு உறுதியளித்தது. ஒரே அறையில் பலர் படுத்து, காற்றோட்டமின்றி குளிர்காலத்தைக் கழிக்கும்போது மருந்தால் மட்டும் அது நடக்காது. வீடு கட்டுவதும் காசநோய் வேலைதான்.

கேள்வி: அங்கே உணவுக்கு அரசு மானியம் உண்டாமே. விலை ஏன் இறங்கவில்லை?
(வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: 2011இல் தொடங்கிய நியூட்ரிஷன் நோர்த் திட்டத்தில் மானியம், அனுப்பும் உணவின் எடைக்கேற்பக் கடைக்காரருக்குப் போகிறது. அது முழுவதும் விலையில் கழிக்கப்படுகிறதா என்று பொறுப்பான அரசுத் துறை சரிபார்க்கவில்லை என 2014இல் கனடாவின் கணக்காய்வாளர் நாயகமே சுட்டிக்காட்டினார். பின்னர் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் உதவும் நிதி தனியாகச் சேர்க்கப்பட்டது. பெற்றோல், தோட்டா, பனிவண்டி உதிரிப்பாகம் ஆகியவற்றுக்கு அந்தப் பணம் போனால் சீல் என்ற கடல் விலங்கின் இறைச்சியும் ஆர்க்டிக் சார் மீனும் வீட்டுக்கு வரும். பிடித்ததை உறவுக்கும் முதியோருக்கும் பங்கிடுவது அங்குள்ள வழக்கம் என்பதால், ஒருவரின் பெற்றோல் காசு பல அடுப்புகளுக்குப் போய்ச் சேர்கிறது.