டயாலிசிஸ் செய்யும் அப்பாவுக்கு மறதி: வயதுதான் காரணமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, எடை 60 கிலோ. 20 வருடமாகச் சர்க்கரை நோய், இரண்டு வருடமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். சில மாதங்களாக மாத்திரை போட்டாரா என்பதே நினைவில்லை. கடையில் சில்லறை எண்ணத் தடுமாறுகிறார். டயாலிசிஸ் முடிந்த மாலையில் இன்னும் மோசம். இன்சுலினோடு கால் எரிச்சலுக்கு ப்ரீகாபலினும் உண்டு. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.2. வயதானால் இப்படித்தான் என்கிறார்களே, சரியா? – வாசகி, பெரம்பூர்

பதில்: அவ்வளவு சீக்கிரம் வயதின் மேல் பழி போடாதீர்கள். கவனிக்க வேண்டிய காரணங்கள் மூன்று இருக்கின்றன.

முதலில் தாழ்சர்க்கரை. இன்சுலினில் ஒரு பகுதியை உடலிலிருந்து வெளியேற்றுவது சிறுநீரகம். அது படுத்துவிட்டால், பழைய அளவு ஊசியே அதிகமாகிவிடும். நீண்ட காலச் சர்க்கரை நோயில் நரம்புகளும் கெட்டிருப்பதால் வியர்வை, படபடப்பு போன்ற எச்சரிக்கைகள் வராமல் போகலாம். குழப்பம் மட்டுமே தெரியும். ஹெச்பிஏ1சி 6.2 என்பதை நம்பி நிம்மதியடைய வேண்டாம். டயாலிசிஸ் நோயாளிகளுக்குச் சிவப்பணுக்களின் ஆயுள் குறைவு, ரத்தம் ஊற எரித்ரோபாய்டின் ஊசி வேறு போடுவார்கள். இரண்டுமே அந்த எண்ணைக் குறைத்துக் காட்டும். இரண்டு வாரம் குளுக்கோமீட்டரில் பாருங்கள்: டயாலிசிஸுக்கு முன், நடுவில், முடிந்ததும், சில நாள் விடியற்காலை 3 மணிக்கும். 70க்குக் கீழே போனால் மூன்று தட்டை டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இளநீரும் பழச்சாறும் வேண்டாம், பொட்டாசியம் ஏறிவிடும். இந்தக் குறிப்பு நோட்டைப் பார்த்து டாக்டர் ஊசியின் அளவை மாற்றுவார்.

அடுத்து ப்ரீகாபலின். கிட்டத்தட்ட முழுவதும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும் மருந்து இது. டயாலிசிஸ் நோயாளிக்கு வழக்கமாக நாளுக்கு 25 முதல் 75 மி.கி.தான், டயாலிசிஸ் முடிந்த பிறகு ஒரு கூடுதல் வேளை. அதற்கு மேல் போனால் தூக்கம், தள்ளாட்டம், குழப்பம். சீட்டைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மூன்றாவதுதான் மூளைக்குள் நடப்பது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுத்து, வெள்ளைப் பொருளை (மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பு இழைகளை) சிதைக்கின்றன. டயாலிசிஸின்போது பிரஷர் சரிந்தால் அங்கே ரத்த ஓட்டமும் குறையும். இந்த வகைப் பாதிப்பில் நினைவாற்றலைவிடத் திட்டமிடலும் கணக்கும்தான் முதலில் தேயும். சில்லறைத் தடுமாற்றம் அதனோடு பொருந்துகிறது. ஒரு சின்னக் குறிப்புக் கொடுத்ததும் விஷயம் ஞாபகம் வந்துவிட்டால், சந்தேகம் இன்னும் வலுக்கும்.

பிரஷர் சரிவதற்குப் பெரும்பாலும் காரணம், இரண்டு டயாலிசிஸுக்கு இடைப்பட்ட நாட்களில் உடலில் நீர் சேர்ந்து ஏறும் எடை. 60 கிலோ உடலுக்கு 2.4 கிலோவுக்குள் நிற்க வேண்டும். டயாலிசிஸில் ஒரு மணி நேரத்துக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 13 மில்லி லிட்டருக்கு மேல் நீர் இழுக்கக் கூடாது. அதாவது நான்கு மணி நேரத்தில் சுமார் 3.1 லிட்டர். எடை ஏறுவதற்குக் குடிக்கும் தண்ணீரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. அப்பளம், ஊறுகாய், கருவாடு இருந்தால் தாகம் அடங்காது. சர்க்கரை ஏறினாலும் அப்படித்தான். டயாலிசிஸ் நீரின் வெப்பத்தை அவர் உடல் வெப்பத்தைவிட அரை டிகிரி குறைக்க முடியுமா என்று நெஃப்ராலஜிஸ்ட்டிடம் கேளுங்கள். பிரஷர் சரியாமல் நிற்க அது உதவும், குளிரெடுத்தால் ஒரு போர்வை போதும். பிரஷர் சரியும் ஆளானால், டயாலிசிஸ் நடுவே இட்லி, சாப்பாடு வேண்டாம்.

மறதிப் பரிசோதனையை டயாலிசிஸ் படுக்கையிலோ முடிந்த உடனோ செய்ய விடாதீர்கள், மதிப்பெண் தாழ்வாகத்தான் வரும். மறுநாள் காலை சரியான நேரம். கூடவே பி12, தைராய்டு பார்த்துவிடுங்கள்.

இதற்கிடையில் இன்சுலின் ஊசியை அவர் கையில் விட வேண்டாம். போட்டது மறந்து இரண்டாம் முறை போட்டுவிடுவார். ஒருபக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் வந்தாலோ, கீழே விழுந்த பிறகு தலைவலியோடு தூங்கி வழிந்தாலோ, காத்திராமல் 108ஐ அழையுங்கள். டயாலிசிஸில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போடுகிறவர்களுக்கு மண்டைக்குள் ரத்தம் கசிய வாய்ப்புண்டு.