ஒரே வகுப்பில் அமர்ந்தால் போதுமா? சிறப்புக் கல்வி ஆய்வுகள் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. பொதுப் பள்ளியில் சேர்ப்பதா, சிறப்புப் பள்ளியில் சேர்ப்பதா என்று முடிவெடுக்க முடியவில்லை. ஆய்வுகள் எதை நல்லது என்கின்றன?

பதில்: பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி ஆராயும் கேம்பல் கூட்டமைப்பு என்ற சர்வதேச அமைப்பு 2022-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு உங்கள் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளைப் பொது வகுப்பில் சேர்ப்பதால், அவர்களுடைய படிப்பும் சமூக, உணர்ச்சி வளர்ச்சியும் சராசரியாகக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்பது அதன் முடிவு. இதைப் படித்துவிட்டு எங்கே சேர்த்தாலும் ஒன்றுதான் என்று எண்ணிவிட வேண்டாம். சில குழந்தைகள் பொது வகுப்பில் நன்கு முன்னேறி, வேறு சிலர் அங்கே தத்தளித்தால், இரண்டையும் கூட்டிப் பார்க்கும்போது சராசரி பூச்சியத்தை ஒட்டித்தான் நிற்கும். உங்கள் மகன் இதில் எந்தப் பக்கம் என்பதை எந்தச் சராசரியாலும் சொல்ல முடியாது.

இந்தத் துறையில் ஒப்பீடு செய்வதே கடினம். சிரமம் லேசாக உள்ள பிள்ளைகள் பெரும்பாலும் பொதுப் பள்ளிக்கும், அதிக உதவி தேவைப்படுவோர் சிறப்புப் பள்ளிக்கும் போகிறார்கள். ஆகவே இரு பள்ளிகளின் மதிப்பெண்களை நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால், பள்ளியின் தரத்தை அளப்பதாக நினைத்துக்கொண்டு, சேரும்போதே இருந்த வேறுபாட்டை அளந்துகொண்டிருப்போம். குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து அனுப்பிச் சோதித்துப் பார்ப்பதும் அறத்துக்கு ஒவ்வாதது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1994-இல் 92 நாடுகளின் அரசுப் பிரதிநிதிகள் கூடி ஏற்ற சலமன்கா பிரகடனமும், 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவும், எல்லாக் குழந்தைகளும் ஒன்றாகப் படிக்கும் உள்ளடக்கிய கல்வியை வலியுறுத்துகின்றன. உங்கள் மகன் மற்றப் பிள்ளைகளோடு படிக்கும் உரிமையை மதிப்பெண் உயர்வைக் காட்டித்தான் பெற வேண்டும் என்பதில்லை. அந்த உரிமையைப் பள்ளி எப்படி நிறைவேற்றப்போகிறது என்று கேட்பதற்கே ஆய்வு நமக்குப் பயன்படுகிறது. அவனுக்கான பாடத்தைத் திட்டமிடுபவர் யார், வகுப்பின் இரைச்சல் தாங்க முடியாமல் போனால் அவன் எங்கே போய் அமரலாம், இடைவேளையில் அவனோடு விளையாட யார் இருக்கிறார்கள், அவனுக்கென வகுத்த இலக்குகளை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்கிறார்கள் என்று இரண்டு பள்ளிகளிலும் கேளுங்கள். பெயர்ப்பலகையைவிட அந்தப் பதில்கள் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

கேள்வி: என் மகளின் வகுப்பில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள் படிக்கிறார்கள். இதனால் மற்றப் பிள்ளைகளின் படிப்பு கெடாதா?

பதில்: பொதுவாகக் கெடுவதில்லை. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2017-இல் வெளியான ஒரு மெட்டா அனாலிசிஸ் இந்தக் கேள்வியை மட்டுமே ஆராய்ந்து, உடன் படிக்கும் பிள்ளைகளின் கல்வியில் சிறியதாயினும் சாதகமான விளைவே தெரிவதாகக் கூறியது. கடுமையான நடத்தைச் சிக்கல் உள்ள மாணவருக்கு எந்த உதவியும் தராமல் வகுப்பில் விட்டுவிடும் சூழல் வேறு. அத்தகைய வகுப்புகளில் மற்றவர்களின் கற்றல் பாதிக்கப்படுவதைக் காட்டும் ஆய்வுகளும் உள்ளன. அப்போது பள்ளியிடம் கேட்க வேண்டியது அந்த மாணவருக்கான உதவியை.

கேள்வி: நான் வகுப்பாசிரியர். கற்றல் குறைபாடு உள்ள ஒரு மாணவருக்கு அருகிலேயே உதவியாளர் ஒருவர் நாள் முழுதும் அமர்ந்திருக்கிறார். ஆனாலும் முன்னேற்றம் இல்லை. ஏன்?

பதில்: மிக முக்கியமான கேள்வி இது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2003 முதல் சில ஆண்டுகள் நடந்த ஒரு பெரிய ஆய்வு, ஏறத்தாழ 8,200 மாணவர்களின் முன்னேற்றத்தைக் கவனித்தது. உதவியாளரிடம் அதிக நேரம் இருந்த மாணவர்கள், அவர்களை ஒத்த மற்ற மாணவர்களைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். முந்தைய மதிப்பெண்களையும் சிறப்புத் தேவையின் அளவையும் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வேறுபாடு மறையவில்லை.

இதற்கு உதவியாளர்களைக் குறை சொல்வது அநியாயம். வகுப்புக்குள் நடப்பதைக் கூர்ந்து பாருங்கள். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். மாணவர் யோசிக்கத் தொடங்குவதற்குள் பக்கத்தில் இருப்பவர் விடையின் முதல் சொல்லை மெல்லச் சொல்லிவிடுகிறார். பயிற்சித்தாள் நிரம்ப வேண்டும் என்ற அவசரத்தில் பென்சில் கைமாறுகிறது. அந்த மாணவரைத்தான் இன்னொருவர் பார்த்துக்கொள்கிறாரே என்று ஆசிரியரும் அந்த மேசைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொள்கிறார். வகுப்பறை உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்களின் பேச்சு புரிதலை நோக்கியும், உதவியாளர்களின் பேச்சு வேலையை முடிப்பதை நோக்கியும் இருந்தது தெரிந்தது. கற்க மிகவும் சிரமப்படும் குழந்தைக்கு, பயிற்சி குறைவாகப் பெற்ற ஒருவரே ஆசிரியராகிவிடுகிறார்.

உதவியாளரை அனுப்பிவிட வேண்டாம், வேலையை மாற்றிக் கொடுங்கள். அவர் மற்ற மேசைகளைச் சுற்றி வரட்டும். அந்த நேரத்தில் நீங்கள் இந்த மாணவரோடு அமருங்கள். பாடத்தின் நோக்கத்தை உதவியாளருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். கேள்வி கேட்டதும் சில விநாடிகள் காத்திருக்கவும், விடைக்குப் பதில் குறிப்பு மட்டும் தரவும் அவரைப் பழக்குங்கள். சிறு குழுக்களுக்கு ஒழுங்கான திட்டத்தின்படி வாசிப்புப் பயிற்சி அளிக்க உதவியாளர்களுக்குப் பயிற்சி தந்த இடங்களில் நல்ல பலன் கிடைத்திருக்கிறது.

கேள்வி: பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று மாணவர்களைப் பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறார்கள். இது டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம் உள்ளவர்களுக்கு உதவுமா?

பதில்: உதவாது. அந்தப் பிரிவுக்கேற்பக் கற்பித்தால் கற்றல் கூடும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று 2008-இலேயே உளவியலாளர்கள் விரிவாகக் காட்டிவிட்டார்கள். டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்கு ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பைப் படிப்படியாக, வெளிப்படையாக, பலமுறை திரும்பத் திரும்பக் கற்பிப்பதே பயன் தரும்.

கேள்வி: ஆய்வு மாணவி நான். என் ஆய்வுக்கு நான்கு குழந்தைகள் மட்டுமே கிடைத்திருக்கிறார்கள். இதைக் கைவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஓரிரு குழந்தைகளைத் தனித்தனியாகப் பலமுறை அளந்து பார்க்கும் ஒற்றையர் ஆய்வு முறைக்குச் சிறப்புக் கல்வியில் நெடுங்கால மரபு உண்டு. நீங்கள் சோதிக்கும் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பு ஒவ்வொரு குழந்தையின் நிலையையும் பலமுறை அளந்து, பின்னர் நால்வருக்கும் ஒரே நாளில் தொடங்காமல் வெவ்வேறு நாட்களில் தொடங்குங்கள். ஒவ்வொருவரிடமும் அவரவருக்குத் தொடங்கிய பிறகே மாற்றம் தெரிந்தால், அது வயதாலோ வேறு தற்செயலாலோ வந்தது என்று எளிதில் சொல்லிவிட முடியாது. பெற்றோரின் ஒப்புதலோடு, குழந்தையின் விருப்பத்தையும் ஒவ்வொரு அமர்விலும் கவனியுங்கள். பேசாத குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்வதும் ஒரு பதில்தான், அப்போது அன்றைய அமர்வை நிறுத்திவிடுங்கள்.