ரஷ்ய மொழியில் ‘யெஸ்த்’ எங்கே வரும், எங்கே வராது?

கேள்வி: எம்.பி.பி.எஸ். படிக்க ரஷ்யாவின் கசான் நகருக்குப் போகிறேன். பாடமெல்லாம் ஆங்கிலம்தான், ரஷ்ய மொழி தேவையில்லை என்கிறார் ஏஜென்ட். ஆனால் 3,000 சொற்கள் கொண்ட புத்தகம் ஒன்றையும் விற்றார். வினைச்சொற்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எங்கே தொடங்குவது?

பதில்: மொழி தேவையில்லை என்றவரே புத்தகமும் விற்றிருக்கிறார், கவனித்தீர்களா? வகுப்பில் ஆங்கிலம் இருக்கலாம். வார்டில் படுத்திருக்கும் பாட்டிக்குத் தெரியாது. வெளிநாட்டில் படித்தவர் இந்தியாவில் டாக்டராகப் பதிய, தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகள் குறைந்தது 54 மாத ஆங்கில வழிப் படிப்பும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் கேட்கின்றன. நோயாளி எந்த மொழியில் முனகுவார் என்று அந்த விதிகளை எழுதியவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை.

சொற்களை ஆங்கில எழுத்தில் அச்சிட்ட புத்தகம் என்றால் தூக்கிப் போடுங்கள். முதலில் 33 ரஷ்ய எழுத்துகள்; ஒரு வாரம் போதும்.

வினைச்சொல்லை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள். தமிழ் இங்கே நன்றாகக் கைகொடுக்கும். ‘யா ஸ்துத்யென்த்கா’, நான் மாணவி. இரண்டிலும் வினையே இல்லை. ‘ம்ன்யே ஹோலத்னா’, எனக்குக் குளிர்கிறது. அங்கேயும் ‘எனக்கு’தான்.

‘உ மின்யா யெஸ்த் ப்ராத்’ என்றால் எனக்குச் சகோதரன் இருக்கிறான். யெஸ்த் என்பது ‘இருக்கிறது’. ஆனால் ஃபுளூவுக்கு ‘உ மின்யா கிரிப்’ மட்டும், யெஸ்த் வராது. நம்மைப் பாருங்கள்: ‘எனக்கு ஃபுளூ’ என்று நிறுத்திவிடுவோம், ‘என்னிடம் ஃபுளூ இருக்கிறது’ என்போமா? கண் நிறம், முடி நிறம் சொல்லும்போதும் யெஸ்த் கிடையாது. உண்டா இல்லையா என்பது பேச்சானால் யெஸ்த். எப்படிப்பட்டது என்பது பேச்சானால் விட்டுவிடுங்கள். ‘சாப்பிட’ என்பதற்கும் இதே யெஸ்த்தான், குழம்ப வேண்டாம்.

அப்புறம் எல்லாரும் பயமுறுத்தும் வினை ஜோடிகள். ‘பிரினிமாய்த்யே’ என்றால் மாத்திரையைத் தினமும் சாப்பிட்டு வாருங்கள். ‘பிரிமீத்யே’ என்றால் இதோ, இப்போது சாப்பிட்டுவிடுங்கள். ‘வா’வும் ‘விடு’வும் நாம் பிறந்ததிலிருந்து பேசுவதுதானே! வினைகளை ஒற்றையாக மனப்பாடம் செய்யாமல் இப்படி ஜோடியாக எழுதி வையுங்கள். நடந்து போனால் இத்தி, வண்டியில் போனால் யேஹத். இப்போதைக்கு இது போதும்.

தினம் பத்துச் சொல், வாக்கியத்தோடு. ஏஜென்ட் ‘மொழிக் கட்டணம்’ என்று தனியாகக் கேட்டால், பல்கலைக்கழக ஒப்பந்தத்தில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.